மாமா எந்த இரவு வருவார்

கலியாணம் முடித்த கையோடு புருசனை யானைக்கு விட்டுக்கொடுத்தவள் கல்முனைக்குடியில் தான் ஒருத்திதான் என்று ஸம்றா சொல்லித் திரிந்தாள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். ஆனாலும் முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஐப்பசியில் நிக்காஹ் நடந்தது. ஊர் வழக்கப்படி இன்பாஸ் இறக்காமத்திலிருந்து பெட்டியும் கையுமாகப் பெண் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். வந்தவன் மாப்பிள்ளைச் சட்டையின் மடிப்புக் கலையுமுன்னே விதைப்பு என்று ஓடினான். பிறகு தண்ணீர் என்று ஓடினான், பசளை என்று ஓடினான். நெல் கதிர் விட்டதும் காவல் என்று சொல்லி, இரவானால் வட்டையிலேயே கிடக்கத் தொடங்கினான். வட்டை என்று இந்தப் பக்கத்தில் சொல்வது வயல்வெளியை. புதுப் பெண்ணுக்கு அந்தச் சொல்லே ஆகாமல் போயிற்று.

விடிந்து சுபஹுத் தொழுகையும் முடிந்த பிறகுதான் அவனுடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும். சேறும் சகதியுமாக வருவான், குளிப்பான், மாமியார் வைத்த புட்டையும் மீன் ஆணத்தையும் ஒரு பிடி பிடிப்பான், கட்டிலில் விழுவான். பிறகு கூரையே இறங்கினாலும் எழும்ப மாட்டான். அதே அறையில்தான் ஸம்றாவுக்கு மேசை. கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். கம்பனிகள் கண்டபடி குவித்து வைத்திருக்கும் தரவுகளைப் பைத்தனில் நிரல் எழுதித் துப்புரவாக்கிக் கொடுக்கிற வேலை. சூம் கூட்டத்தில் அவள் வாயைத் திறந்தால் பின்னால் இன்பாஸின் குறட்டை. பக்கத்து வீட்டில் மரம் அரிகிறார்களா என்று மேலதிகாரி ஒருமுறை கேட்டார். ஓம் சேர், பலகை மில் என்று சொல்லிவிட்டாள்.

கோபம் கோபமாக வரும். திரும்பிப் பார்ப்பாள். வாயைத் திறந்துகொண்டு, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, நெற்றியில் நுளம்பு கடித்த தடிப்போடு கிடப்பான். அவ்வளவுதான், கோபம் போன இடம் தெரியாது. அவளுக்கு அவன் மேல் அப்படி ஓர் ஆசை. எழுந்துபோய் மின்விசிறியை அவன் பக்கம் திருப்பிவிட்டு வந்து உட்காருவாள்.

ஆசை இருக்கிற இடத்தில் பயமும் இருக்கும் அல்லவா. இன்பாஸின் நாவலடி வட்டைக்கு வருவது கூட்டம் கூட்டமான யானைகள் இல்லை, ஒற்றை ஆண் யானை, தனியன். நாலைந்து பேராக நின்று விளக்கடித்து வெடி போட்டால் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடும். தனி ஆளைக் கண்டால்தான் அதற்குக் குணம் மாறும். போன வருசம் மீராசாஹிபு என்ற வட்டைக்காரர் பன்றி கலைக்கத் தனியே நின்ற இரவில் அதனிடம் அகப்பட்டு மௌத்தானார். அந்தக் கதையைக் கலியாணத்துக்கு முதல் ஒருவரும் ஸம்றாவுக்குச் சொல்லவில்லை. கலியாணத்துக்குப் பிறகு ஊரே சொன்னது.

ஒருநாள் பகல் அவன் சோற்றில் கை வைத்த நேரமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"மச்சான், ஒண்டில் ஆனை, இல்லாட்டி நான். ஆரெண்டு சொல்லுங்க."

"ஆனைக்கு ஒன்னப் போல கதைக்கத் தெரியா புள்ள," என்றான் இன்பாஸ், மீன் முள்ளைப் பார்த்து எடுத்தபடி. "தெரிஞ்சா நாளைக்கு வாறன், நாளையண்டைக்கு வரமாட்டன் எண்டு சொல்லிட்டுப் போகும். வராத ராவுக்குப் பண்டி கலைக்க ஒரு ஆள் காணும். மத்த ஆக்கள் பொஞ்சாதி புள்ளயோட நிம்மதியாப் படுப்பம். அது சொல்லுதில்லையே."

அவன் பகிடியாகத்தான் சொன்னான். ஸம்றா பகிடியாக எடுக்கவில்லை. யானை சொல்லாவிட்டால் போகட்டும், யானையைக் கண்டவர்கள் சொல்லியிருப்பார்களே. காவல்காரருக்கென்று ஒரு வட்சப் குழு இருந்தது. இறக்காமத்துப் பக்கத்து வட்டைக்காரர் எல்லாரும், சவளக்கடையில் வீடும் ஆலையடிக் கண்டத்தில் வயலுமாக இருக்கிற தமிழ் ஆட்களும் அதில் இருந்தார்கள். எங்கே யானை வந்தது, எதை முறித்தது, எந்தப் பக்கம் போனது என்று வருசக்கணக்காக எழுதித் தள்ளியிருந்தார்கள். இன்பாஸின் போனை வாங்கி அவ்வளவையும் ஒரே கோப்பாகத் தன் கணினிக்கு இறக்கினாள்.

கோப்பா அது. ஜும்ஆ முபாரக் வாழ்த்து, உழவு மெஷின் வாடகை, காணாமற்போன கன்றுக்குட்டி, யாருக்கோ குழந்தை பிறந்த செய்தி எல்லாவற்றுக்கும் நடுவில் யானை நின்றது. அதிலும் யானை என்ற பெயரிலேயே நிற்கவில்லை. இரவில் வட்டையில் நின்றுகொண்டு யானை என்று வாய்விட்டுச் சொன்னால் அது கேட்டு வந்துவிடும் என்று காவல்காரருக்கு ஒரு நினைப்பு. அதனால் குழுவில் எல்லாரும் அதை மாமா என்றே எழுதினார்கள். மாமா வந்தார், மாமா வேலியை முறித்தார், மாமா வயிறு நிறையத் தின்றுவிட்டுக் குளத்துப் பக்கம் போனார். ஸம்றாவும் மாமா என்ற சொல் உள்ள வரிகளைப் பொறுக்கி எடுத்தாள். கார்த்திகையில் ஒரு நட்டநடுப் பகலில் மாமா நாவலடிக்கு வந்து ரெண்டு கோப்பை சோறு தின்றுவிட்டுப் போனதாக இன்பாஸ் எழுதிய வரி கிடைத்ததும் திகைத்துப் போனாள். விசாரித்தால், அது மருமகனின் வயலைப் பார்க்கப் போன அவளுடைய வாப்பா சீனிமுகம்மது. வாப்பா ஆளும் அந்தப் பருமன்தான். நிரல் மேல் பிழை சொல்ல முடியாது.

யானை வரிகளை இரவு வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொரு வரியையும் அதற்குக் கீழே வரும் வரிகளோடு ஜோடி சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த வரியில் மாமா ஆலையடியில் நிற்கிறார் என்றால் அடுத்து எங்கே நிற்கிறார், எத்தனை இரவு கழித்து நிற்கிறார்? இப்படி எல்லா ஜோடிகளையும் எண்ணினால் அவர் நடக்கிற வழி தெரிந்துவிடும். இதுதான் அவளுடைய கணக்கு. அவசரக்காரி, கோப்பு முழுவதையும் ஒரேயடியாக ஏற்றி, ஒரு வரியை எடு, கீழே இருக்கிற அத்தனை வரியோடும் சேர், அடுத்த வரியை எடு, மறுபடியும் அத்தனை வரியோடும் சேர் என்று எழுதிவிட்டாள். கணினி கொஞ்ச நேரம் இரைந்தது, சூடேறியது, பிறகு அசையாமல் நின்றுவிட்டது.

காரைதீவில் இருக்கும் தர்சிகாவைக் கூப்பிட்டாள். அதே கம்பனிதான், அதே வேலைதான். கம்பசில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இருவருக்கும் நடுவில் ஒளிப்பு மறைப்பு ஒன்றும் கிடையாது.

"விசராடி உனக்கு?" என்றாள் தர்சிகா. "ஆறு வருசத்துக்கு முதல் வந்த ஆனையையும் நேத்து வந்த ஆனையையும் என்னத்துக்கு ஜோடி சேர்க்கிறாய்? அதுகள் என்ன கலியாணமா முடிக்கப் போகுது?"

"அப்ப என்ன செய்யச் சொல்ற?"

"முழுக்க வாசிச்சு வைக்காத. வரி வரியா வாசி. கடைசியா வாசிச்ச அஞ்சாறு வரிய மட்டும் கையில வைச்சிரு. புது வரி வந்தா கையில இருக்கிறதுகளோட ஜோடி போடு. பிறகு புதுசு ஏற, ஆகப் பழசு இறங்கும்."

"நம்மட அக்கரைப்பற்று பஸ் மாதிரி."

"அந்த பஸ்ஸில ஒருத்தரும் இறங்க மாட்டாங்கள், ஏறத்தான் செய்வாங்கள். நான் சொல்றது டெக். மறந்து போனியா?"

மறக்கவில்லை, அவசரத்தில் வரவில்லை. பைத்தனில் டெக் என்று ஒரு பை இருக்கிறது. இவ்வளவுதான் கொள்ளும் என்று அளவு சொல்லி வைத்தால் புதியது உள்ளே வரும்போது ஆகப் பழையது தானாக வெளியே விழும். கோப்பு எவ்வளவு பெரிதென்றாலும் கையில் இருப்பது அந்த அஞ்சாறு வரிதான். மாற்றி எழுதினாள். ஒரு தேத்தண்ணி ஆறுமுன்னே அவ்வளவு கோப்பும் ஓடி முடிந்தது.

திகதிகளைத்தான் கொஞ்சம் தட்டித் திருத்த வேண்டியிருந்தது. வட்டையில் சிக்னல் இல்லை. ஆட்கள் ஊருக்குள் வந்த பிறகுதான் நடந்ததை எழுதுவார்கள். செவ்வாய் ராவு வந்தார், வெள்ளி ராவு போனார் என்று கிழமையை மட்டும் சொல்வார்கள். அதை எல்லாம் திகதியாக மாற்றுகிற துண்டைத் தர்சிகா எழுதிக் கொடுத்தாள். செவ்வாய் இரவு என்றால் செய்தி வந்த நாளுக்கு ஆகக் கிட்ட இருக்கும் செவ்வாய்க்கிழமை, பொழுதுபட்ட பிறகு. இதில் கேட்க என்ன இருக்கிறது? அவளும் கேட்கவில்லை, ஸம்றாவும் சொல்லவில்லை.

விடை வந்ததைப் பார்த்து ஸம்றா கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். மாமா ஆலையடியில் தலை காட்டினால் இரண்டாவது இரவு நாவலடிக்கு வருகிறார். ஒருமுறை இருமுறை இல்லை, வருசக்கணக்காக இதே ஒழுங்கு. ஆலையடிக்கு வராவிட்டால் நாவலடிக்கும் வருவதில்லை.

இன்பாஸுக்கு அவள் காட்டிய வரைபடம் ஒன்றும் விளங்கவில்லை. அவள் முகம் விளங்கியது. அன்றைக்கே வட்டைக்காரரைக் கூட்டி, "என்ட பொஞ்சாதி சொன்னாச் சரியா இரிக்கும்" என்று ஒரே பேச்சாகப் பேசினான். அவனுடைய காக்கா, கூடப் பிறந்த மூத்தவர் காலிதீன் முதலில் சிரித்தார். பிறகு, வீட்டில் படுக்கக் கிடைத்தால் யாருக்குக் கசக்கும் என்று அவரும் தலையை ஆட்டினார். மாமா வருகிற இரவு எல்லாரும் போவது. வராத இரவுகளில் முறை வைத்து ஒரு ஆள் மட்டும் பன்றிக்குப் போவது. முடிவு இதுதான்.

அந்தக் கொஞ்ச நாட்கள் ஸம்றாவுக்குப் பெருநாள்தான். மாமா வேறு எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தார், ஆலையடிப் பக்கம் தலை வைக்கவில்லை. இன்பாஸ் இஷாத் தொழுதுவிட்டு வந்து, சோறு தின்றுவிட்டு, அவள் வாய் ஓயாமல் சொல்கிற கம்பனிக் கதைகளை எல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்தான். பாதிக் கதையில் தூங்கிவிடுவான். தூங்கினால் தூங்கட்டும், கைக்கெட்டுகிற தூரத்தில் அல்லவா தூங்குகிறான் என்று மீதிக் கதையையும் சொல்லி முடிப்பாள். பன்றி முறை அவனுக்கு வருகிற இரவுகளிலும் அவள் பயப்படவில்லை. யானை வராது என்று அவளே கணக்குப் பார்த்துச் சொன்னதாயிற்றே.

ஒரு வியாழக்கிழமை காலையில் சவளக்கடை பாக்கியராசா குழுவில் எழுதினார்: புதன் இரவு மாமா ஆலையடிக் கண்டத்தில் நின்றார், நான் கண்ணால் கண்டேன். ஸம்றா உடனே அந்த வரியைக் கோப்பில் சேர்த்து நிரலை ஓட்டினாள். வெள்ளி இரவு, நாவலடி வட்டை என்று விடை வந்தது. வந்ததை அப்படியே குழுவில் போட்டுவிட்டாள். ஆட்கள் எல்லாரும் கட்டை விரலைக் காட்டினார்கள்.

பகல் சாப்பாடு முடிந்து இன்பாஸ் புறப்பட்டான். இன்றைக்கு இவனுடைய பன்றி முறை, நாளைக்குத்தான் யானை. ஸம்றா வாசலில் வந்து நின்றாள்.

"பண்டிகளுக்கு என்ட சலாத்தச் சொல்லுங்க மச்சான்."

"பண்டிக்கா?" இன்பாஸ் சிரித்தான். "நல்ல ஆள்தான் நீ. சரி, சொல்றன்." மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டான்.

பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் கம்பனி வேலையில் மூழ்கிக் கிடந்தாள். உம்மா நாச்சியா கையைத் துடைத்தபடி அறைக்குள் வந்தார்.

"அந்தப் பெட்டிய மூடு மகள். இண்டைக்கு வெள்ளி ராவு. மஃரிபோட யாசீன் ஓதணும், கெதியாக் குளி."

"ஓம் உம்மா," என்றாள் ஸம்றா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறந்த நாளிலிருந்து வியாழக்கிழமைகளில் கேட்கிற பேச்சு அது. பொழுதுபட்டால் அடுத்த நாள் பிறந்துவிடும். வியாழன் பொழுதுபட்டால் வெள்ளி இரவு. யாசீனுக்கு அப்படித்தான், நோன்புக்கு அப்படித்தான், கந்தூரிக்கு அப்படித்தான். மற்ற எல்லாவற்றுக்கும் அவளுக்குக் கம்பனி நாட்காட்டிதான்.

விரல் நின்றது.

"உம்மா, புதன் ராவு எண்டா எந்த ராவு?"

"இதென்ன கேள்வி? செவ்வாய்க்கிழம மஃரிபுக்குப் புறகு வாறது."

"இறக்காமத்துலயும் அப்படித்தானா? எல்லாக் கிழமைக்குமா?"

"முஸ்லிம் ஆக்கள் வேற எப்படிச் சொல்ற?" என்றார் நாச்சியா. "இந்தக் காலத்துப் புள்ளையளுக்குத்தான் ஒண்டும் தெரியா."

ஸம்றா கோப்பைத் திறந்தாள். நாவலடிக்காரர் எழுதிய வரிகளை மட்டும் பார்த்தாள். போன மாரியில் காலிதீன் எழுதிய வரி ஒன்று கண்ணில் பட்டது: வெள்ளி ராவு மாமா வந்து கிழக்கு வரம்பை உடைத்தார். அனுப்பியது வெள்ளிக்கிழமை காலை. காலையில் எழுதியவர் அன்றிரவு நடக்கப் போவதை எப்படி எழுதுவார்? இவ்வளவு நாளும் இது கண்ணுக்கு முன்னாலேயே கிடந்திருக்கிறது. காலிதீன் சொன்ன வெள்ளி இரவு வியாழன் பொழுதுபட்டு வந்த இரவு. தர்சிகாவின் துண்டு அதை எடுத்து ஒரு நாள் தள்ளி வைத்துவிட்டது.

பாக்கியராசாவுக்குப் போன் எடுத்தாள்.

"ஐயா, புதன் இரவு எண்டு எழுதினீங்களே, அது எந்த இரவு?"

"நேத்து இரவு பிள்ளை. புதன்கிழமை பொழுதுபட்டு வந்த இரவு. வேற என்ன புதன் இரவு?"

தமிழ் ஆட்களின் புதன் சரியாக விழுந்திருக்கிறது, முஸ்லிம் ஆட்களின் வெள்ளி மட்டும் ஒரு நாள் பிந்தி விழுந்திருக்கிறது. இரண்டு இரவு என்று நிரல் சொன்ன இடைவெளி உண்மையில் ஒரே ஒரு இரவு. நேற்று ஆலையடி என்றால் இன்றைக்கு நாவலடி. இன்றைக்கு அங்கே இன்பாஸ் தனியே நிற்கிறான். யானை வராது என்று அவள் சொன்னதை நம்பி நிற்கிறான். பாக்கியராசாவின் வரிதான் கோப்பில் கடைசி. அதற்குக் கீழே சேர வேண்டிய வரி இன்னும் நடக்கவில்லை.

இன்பாஸுக்கு எடுத்தாள், தொடர்பு இல்லை. காலிதீனுக்கு எடுத்தாள், தொடர்பு இல்லை. குழுவில் கத்திக் குரல் செய்தி போட்டாள், ஒருவரும் கேட்டதாகக் காட்டவில்லை. காவல் இல்லாத இரவு என்று எல்லாரும் போனை எறிந்துவிட்டு வீட்டில் கிடக்கிறார்கள் என்று நினைத்து அவர்களையும் சேர்த்து ஏசினாள். தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். மூலையில் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்த ஹஸன் காக்காவிடம் இறக்காமம் என்ற ஒரு சொல்தான் சொன்னாள். திரும்பிப் பார்த்தால் நாச்சியா ஏற்கனவே பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எங்க உம்மா?"

"என்ட மருமகன் எனக்கு ஆருமில்லையா?" என்றார் நாச்சியா. "ஹஸன், ஓட்டு."

வழி நெடுக நாச்சியா குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதினார், மனப்பாடம். ஓதலுக்கும் ஓதலுக்கும் இடையில் மகளை ஏசினார். படிச்ச புள்ளையாம், கிழமை தெரியாத படிப்பாம் என்பார், மறுபடி விட்ட இடத்தில் பிடித்து ஓதுவார். ஸம்றாவுக்கு அழுகையும் வரவில்லை. கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, மேற்கே இறங்கும் சூரியனைப் பார்த்தபடி இருந்தாள். யா அல்லாஹ், இந்தப் பொழுதைக் கொஞ்சம் பிடித்து வை என்று கேட்டாள். ஒரே ஒரு ஆசைதான் பட்டாள், அவன் வீட்டில் படுக்க வேண்டும் என்று. அந்த ஆசைக்குத்தான் இவ்வளவும் எழுதினாள். எழுதியது அவனைத் தனியாக்கிவிட்டது.

தார் முடிந்து கிறவல் பாதை வந்தது. கிறவல் முடிந்து வாய்க்கால் கட்டு வந்தது. நாவல் மரம் தெரிந்தது. மரத்தின் கீழே ஒரு மோட்டார் சைக்கிளைத்தான் அவள் தேடினாள். வரிசையாக ஏழெட்டு நின்றன. பாய் விரித்து ஆட்கள் இருந்தார்கள், அடுப்பில் கேத்தல் கொதித்தது, காலிதீன் வெடிகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். இன்பாஸ் தேத்தண்ணிக் கோப்பையும் கையுமாக ஓடி வந்தான்.

"என்ன புள்ள, மாமி, என்ன நடந்த? வாப்பாவுக்கு ஏதுமா?"

"நீங்க தனிய இல்லையா?"

"ஏன் தனிய? இண்டைக்கு மாமா வாற எல்லே?"

"அது ஆரு சொன்ன?"

இன்பாஸ் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நீதான் சொன்ன. காலத்தால குழுவுல போட்டியே, வெள்ளி ராவு நாவலடிக்கு எண்டு."

"வெள்ளி ராவு எண்டு நாளைக்குச் சொன்னன் மச்சான்."

"நாளைக்குச் சனி ராவு," என்றான் இன்பாஸ்.

ஸம்றா அப்படியே வரம்பில் இருந்துவிட்டாள். அவள் கணக்கு ஒரு நாள் பிந்தியது. அவள் எழுதியதை அவர்கள் ஒரு நாள் முந்தி வாசித்தார்கள். பிழையும் பிழையும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, ஆட்களைச் சரியான இரவில் சரியான இடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கின்றன. போன் எடுக்காமல் ஊரில் கிடக்கிறார்கள் என்று அவள் ஏசிய அத்தனை பேரும் சிக்னல் இல்லாத இந்த மரத்தடியில்தான் இருந்திருக்கிறார்கள். அதுவரை வராத அழுகை இப்போது வந்தது. விக்கி விக்கி அழுதாள். நடுவில் சிரிப்பும் வந்து தொலைத்தது.

"தங்கச்சி ஏன் அழுற?" என்று காலிதீன் பதறினார்.

"கிழம தெரியாம," என்றார் நாச்சியா. விசயத்தை அவர்தான் எல்லாருக்கும் எடுத்துச் சொன்னார். தான் ஒரு சொல் சொன்னதும் உண்மை வெளிவந்ததாகவும் சேர்த்துக்கொண்டார். ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சரி, இனித் திருத்தி வியாழன் இரவு என்று போட்டால் இவர்கள் புதன்கிழமையே வந்து குந்திக்கொண்டு இருப்பார்களே என்று ஸம்றா மூக்கை உறிஞ்சியபடி கேட்டாள். காலிதீன் யோசித்துப் பார்த்து, வியாழன் அஸரோடு வாங்கோ என்று போடு தங்கச்சி, அஸருக்கு ரெண்டு கிழமை கிடையாது என்றார்.

வாய்க்கால் தண்ணீரில் ஒழுச் செய்து மஃரிப் தொழுதார்கள். சலாம் கொடுத்துத் திரும்பிய நேரத்தில் குளத்துப் பக்கத்துக் காட்டில் கொப்பு ஒன்று முறிகிற சத்தம் கேட்டது. நீல இருட்டில் வயலுக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்பு அசைந்து வந்து நின்றது. ஸம்றா அதை முதன்முதலாகக் காண்கிறாள். கோப்பில் மாமா என்று எத்தனை ஆயிரம் முறை வாசித்தாலும் இது வேறு. நாச்சியா அவள் கையை இறுக்கிப் பிடித்தார். எல்லா விளக்கு வெளிச்சமும் ஒரே நேரத்தில் அதன் மேல் விழுந்தது, வெடி மூன்று அடுத்தடுத்து வெடித்தது, ஆட்கள் கூட்டாகக் கூவினார்கள். அது காதை விரித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தலையை ஆட்டியது, திரும்பியது, வந்த வழியே காட்டுக்குள் போனது.

ஹஸன் ஆட்டோவைத் திருப்பினார். இவ்வளவு தூரம் வந்த தங்கச்சியையும் மாமியையும் முழுக்க இருட்டுமுன் அனுப்பிவிட வேண்டும் என்று காலிதீன் அவசரப்படுத்தினார். இன்பாஸ் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஒண்டு கேக்கன் ஸம்றா. நான் தனிய நிக்கன், இண்டைக்கு ஆனை வரும் எண்டு ஒனக்கு விளங்கிட்டு. சரி. நீ எதுக்கு இஞ்ச ஓடி வந்த? வந்து ஆனைய என்ன செய்யப் போன?"

அவள் அதை யோசிக்கவே இல்லை. கையில் வெடி இல்லை, விளக்கு இல்லை, காலில் வீட்டுச் செருப்பு. ஆட்டோவும் அவளும் உம்மாவும் யாசீனும்தான் வந்திருந்தார்கள்.

"தெரியா மச்சான்," என்றாள். "நீங்க தனிய நிக்கப்படா எண்டு மட்டுந்தான் நினைச்சன்."

இன்பாஸ் கம்பியிலிருந்த கையை எடுக்கவில்லை. ஹஸன் இரண்டு முறை ஹோர்ன் அடித்தார். அதற்குப் பிறகும் அவன் கையை எடுக்காததால் நாச்சியா மற்றப் பக்கம் திரும்பி இருந்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து மீண்டும் ஓதத் தொடங்கினார்.